நிழலுக்குத் தண்ணீர் ஊற்றியவர்கள்

மண்ணூரணி விலக்கில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தை, ரோட்டை அகலப்படுத்த வந்தவர்கள் மாசி மாதத்தில் வெட்டி, துண்டு போட்டு, மூன்று லாரியில் ஏற்றி அனுப்பி, வேரையும் தோண்டி எடுத்து, குழியில் சரளை கொட்டி நிரவிவிட்டுப் போனார்கள். சித்திரை பிறந்து ஒன்பதாம் நாள் காலையில், மரம் நின்ற அதே இடத்தில், மரம் இல்லாமலே, அதன் நிழல் வந்து கிடந்தது.

முதலில் பார்த்தவள் செல்லக்கனி. வெள்ளரிக்காய்க் கூடையோடு முதல் பஸ்ஸுக்கு வந்தவள், பழக்கத்தில் நேராக நிழலுக்குள் போய், கூடையை இறக்கி, சாக்கை விரித்து உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, அதற்கப்புறம்தான் அண்ணாந்து பார்த்தாள். மேலே வெறும் வானம். கீழே பார்த்தாள். கவையும் கொப்பும் இலையுமாக, பழைய அகலத்தில் ஒரு சாண் குறையாமல் கிடந்தது. காற்று இல்லை, ஆனால் நிழல் அசைந்தது. காக்கா ஒன்றின் நிழல் எங்கிருந்தோ வந்து ஒரு கிளை நிழலில் உட்கார்ந்து, அலகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தீட்டிவிட்டுப் பறந்து போனது, காக்காவைக் காணோம். செல்லக்கனி அலறவில்லை. முந்தின நாள்தான் தன் ஏழு மாதப் பெண்பிள்ளையை ஓடைக்கரையில் புதைத்துவிட்டு, வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். அலறுவதற்கு அவளிடம் மிச்சம் இல்லை.

மரம் இருந்தவரை அதன் தாழ்ந்த கிளையில் பழைய சேலையைத் தூளியாகக் கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு, பஸ் ஜன்னல்களுக்குக் கீழே காய் விற்பாள். மரம் போனதும் நான்கு கம்பை நட்டு, தார்ப்பாயைக் கட்டி, அதற்குள் பிள்ளையைக் கிடத்தினாள். தார்ப்பாய்க்குக் கீழே வெயில் நுழையவில்லை, வெக்கை நுழைந்தது. "அழாம உறங்குதேன்னு சந்தோசப்பட்டேனே" என்பதை மட்டும் அன்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அப்புறம் அதையும் சொல்லவில்லை.

இப்போது அவள் கண் அந்தத் தாழ்ந்த கிளையின் நிழலைத் தேடிப் போனது. இரண்டு கொப்புகளுக்கு நடுவே சாக்கு அகலத்துக்கு ஒரு வெயில் திட்டு. அந்தத் திட்டில் தூளியின் நிழல் தொங்கியது. லேசாக ஆடியது. ஓரத்தில் ஒரு சின்னப் பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. செல்லக்கனி எழுந்து, வெயில் வரும் பக்கமாக நின்று, தன் கையை நீட்டி, கையின் நிழல் தூளியின் நிழலைத் தொடும்படி வைத்து, மெல்லத் தள்ளினாள். தூளி போய்விட்டு வந்தது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், முதல் வாரம் பயந்தது, இரண்டாம் வாரம் உட்கார்ந்தது, மூன்றாம் வாரம் அங்கேயே பஸ்ஸை நிறுத்தச் சொன்னது. நாய் மட்டும் கடைசிவரை அதற்குள் போகவில்லை. கிராம நிர்வாக அதிகாரி வந்து சுற்றிப் பார்த்து, மரம் இல்லை என்று பதிவேட்டில் இருப்பதால் நிழல் இருக்கிறது என்று தன்னால் எழுத முடியாது என்றார். சொல்லிவிட்டு அதிலேயே உட்கார்ந்து இரண்டு வெள்ளரிக்காய் தின்றார். ரோட்டுக்காரர்கள் அதன் மேலேயே தார் போட்டார்கள். தார் ஆறியதும் நிழல் தாருக்கு மேலே ஏறிப் படுத்துக்கொண்டது. இலை உதிரும் காலத்தில் இலை நிழல்கள் உதிர்ந்து ஆட்களின் தோளில் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்குப் போய்ச் சோப்புப் போட்டாலும் போகாது, இரண்டு நாளில் தானே காய்ந்து விழும். அதையும் ஊர் பழகிக்கொண்டது. "மதினி, உங்க கழுத்துல எல இருக்கு" என்று சொல்வது, "சாப்பிட்டாச்சா" என்று கேட்பதுபோல ஆனது.

ஆனால் தூளி கிடந்த வெயில் திட்டில் யாரும் கால் வைத்ததில்லை. தெரியாத வெளியூர்க்காரர்கள் அங்கே பையை வைத்தால், செல்லக்கனி பையைத் தூக்கி அடுத்த பக்கம் வைப்பாள். அவர்களும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போய் நிற்பார்கள்.

விலக்கில் மூன்று ரோடு, மூன்று சாமி. மேற்கே முத்தாரம்மன் கோயில், கிழக்கே பள்ளிவாசல், வடக்கே மாதா கோவில். வேம்பாக இருந்திருந்தால் அம்மன் கோயில்காரர்கள் மஞ்சள் துணி கட்டியிருப்பார்கள். தூங்குமூஞ்சி எந்தச் சாமிக்கும் ஆகாத மரம், ஆகையால் நிழல் யாருக்கும் சொந்தமில்லை, எல்லாரும் கேலி பேசலாம்.

"என்னவே மோதினாரே, சாயங்காலமானா உம்ம பள்ளிவாசல் பக்கமாவே நீளுதே, தொழ வருதோ?" என்பார் கோயில் பூசாரி கோமதிநாயகம்.

"காலையில உம்ம கோயில் வாசல்லதான வே கெடந்துச்சு? பொங்கல் தீந்ததும் இங்க வருது" என்பார் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் சேகு மைதீன் மோதினார்.

"எனக்கு மார்கழி ஒரு மாசம்தான் வடக்க சாயுது. கேக்கு மாதிரி, கிறிஸ்மஸுக்கு மட்டும்" என்பார் மாதா கோவில் உபதேசியார் தேவஇரக்கம், சிரிக்காமல்.

இந்த மூன்று பேரும் சேர்ந்துதான் அந்தத் தப்பைச் செய்தார்கள். அம்மன் கொடைத் திருவிழா வந்தது. கொடைக்கு ஊர் கூடும்போது, இத்தனை பேருக்கு இடம் கொடுக்கிற நிழலுக்கு ஒரு மரியாதை செய்யவேண்டாமா என்று பூசாரி கேட்க, மரியாதை என்றால் அந்தச் சீமையில் பந்தல்தான் என்பதால், உபதேசியார் மூங்கில் கொடுத்தார், பள்ளிவாசலிலிருந்து கந்தூரி விழாவுக்குக் கட்டும் படுதாக்கள் வந்தன, நிழலின் மேல் நாலாபக்கமும் மூடிப் பெரிய பந்தல் போட்டு வாழை கட்டினார்கள். நிழலுக்கே பந்தல் போட்ட ஊர் என்று சுற்றுவட்டாரம் இன்றைக்கும் சிரிக்கும். பந்தல் நிழலுக்குள் மர நிழல் கண்ணுக்குத் தெரியவில்லை. செல்லக்கனி மூன்று நாளும் பந்தல் கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, தூளி இருந்த இடத்தையே பார்த்து நின்றாள். சோறு கொடுத்தால் கையில் வாங்கி அப்படியே வைத்திருந்தாள். நாலாம் நாள் படுதாவை அவிழ்த்தபோது நிழலில் மூன்றில் ஒரு பங்கு இல்லை. தூளி இருந்தது. கயிறு மட்டும் நூலாக இளைத்திருந்தது.

"வெயில் இல்லாம நெழலு எப்படி வே உசிரோட இருக்கும்?" என்று மோதினார் தலையில் அடித்துக்கொண்டார். "மூணு பேருக்கும் சேத்து ஒரு மூள கூட இல்லையே."

அவர் வாய் ராசியோ என்னவோ, அந்த வாரமே பள்ளிவாசலில் தொழுமுன் ஒளுச் செய்யும் ஹவுல் தொட்டியைக் கழுவித் திறந்துவிட்டபோது தண்ணீர் ரோட்டைத் தாண்டி ஓடி, மரம் நின்ற சரளைக் குழியில் போய் வடிந்தது. மறுநாள் காலை நிழலின் நுனியெல்லாம் துளிர்த்திருந்தது. அதிலிருந்து முறை வைத்தார்கள். தொழுகைக்குக் கைகால் கழுவும் தண்ணீர் ஒரு வாய்க்காலில் வந்தது. அம்மனுக்கு அபிஷேகம் செய்த தண்ணீர், பாலும் மஞ்சளுமாக, இன்னொரு வாய்க்காலில் வந்தது. மாதா கோவில் ஓட்டுக்கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்து, உபதேசியார் ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் மடையைத் திறந்துவிட்டார். மூன்று தண்ணீரும் இல்லாத அடிமரத்தின் அடியில் கூடி உள்ளே போயின. நிழல் பழைய அகலத்துக்கு வந்தது. தாண்டியும் வளர்ந்தது.

பிள்ளையும் வளர்ந்தது.

செல்லக்கனிதான் அதையும் முதலில் பார்த்தாள். ஏழு மாதத்துப் பாதம் இல்லை அது. முதல் கார்த்திகையில் நடக்கிற பிள்ளையின் பாதம்; இரண்டாம் கோடையில் ஓடுகிற பிள்ளையின் கால். மூன்றாம் கோடையில் தூளி தரையைத் தொடுகிற மாதிரி இறங்கி, துணி இழுபட்டு, இரண்டு முழங்கால்களும் ஒரு முழங்கையும் மூட்டைக்குள் கிடப்பதுபோல முட்டிக்கொண்டு தெரிந்தன. செல்லக்கனி கையை நீட்டி ஆட்டினாள். தூளி கனத்து, ஒரு பக்கமாகச் சுற்றி, நின்றது.

அந்த மூன்றாம் கோடைக்கு முன்னால் இரண்டு ஐப்பசியும் பொய்த்திருந்தன. ஹவுலின் அடிப்பாசி தெரிந்தது. தொழ வந்தவர்கள் ஆளுக்கு ஒரு செம்பில் கைகால் கழுவினார்கள். அம்மனுக்கு அபிஷேகம் ஒரு கரண்டியாகச் சுருங்கியது. "கோவிச்சுக்கிட்டா, நெழலுக்கு ஊத்துனேன்னு சொல்லிக்கிடுதேன்" என்றார் பூசாரி. மாதா கோவில் தொட்டியில் தேரைதான் இருந்தது. நிழல் வாரத்துக்கு ஒரு கிளை காய்ந்தது. மோதினார் பள்ளிவாசல் மதிலோரம் பால் கவரில் போட்டு வளர்த்த வேம்பும் புங்கையும் பூவரசும் நூற்றுக்கு மேல் இருந்தன. நிழல் எப்படியும் போகிற நிழல், மழைக்கு முன்னால் கன்றை ஊன்றிப் பிழைக்கவைத்தால் அடுத்த தலைமுறை உட்காரும் என்று மூன்று கோயில்காரர்களும் கூடிப் பேசினார்கள். ஆனால் இருக்கிற தண்ணீர் ஒன்றுக்குத்தான். யார் போய்க் கேட்பது என்பதில்தான் பேச்சு நின்றது. கடைசியில் மூன்று பேருமே போனார்கள்.

"ஏட்டி செல்லக்கனி, ஒண்ணு கேக்கணும்" என்று தொடங்கிய பூசாரி, கால் பெருவிரலால் தரையைக் கீறிக்கொண்டு நின்றுவிட்டார். உபதேசியார் தொண்டையைச் செருமினார். மோதினார்தான் சொன்னார்: "தண்ணி இல்ல தாயி. ஒண்ணு நெழலுக்கு ஊத்தணும். இல்லன்னா கன்னுக்கு ஊத்தணும்."

செல்லக்கனி வெள்ளரிக்காயைக் கீறுவதை நிறுத்தவில்லை. "மூணு சாமி இருக்கு. ஒரு பிள்ளைக்குத் தண்ணி ஊத்த வக்கில்லையா?"

கீறிய காயைக் கூடையில் போட்டாள்.

"உங்க பிள்ளைகளுக்கு மரம் வேணும். எம்பிள்ளைக்கு நெழலு போதும். அதையும் கேட்டு வாரீக."

"நீ சரின்னு சொல்லாம ஒரு சொட்டத் திருப்ப மாட்டோம்மா" என்றார் உபதேசியார். "அதச் சொல்லத்தான் வந்தோம்." மூவரும் போனார்கள்.

பத்து நாள் அவள் சொல்லவில்லை. பத்து நாளும் வாய்க்கால்களில் தண்ணீர் வந்தது, ஒவ்வொரு நாளும் மெலிந்து. பதினோராம் நாள், பிற்பகல் மூன்று மணி பஸ்ஸுக்கு நல்ல கூட்டம். இளைத்த நிழலுக்குள் ஆட்கள் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். இடம் இல்லாமல் ஒரு பெண், கைப்பிள்ளையோடு வெயிலில் நின்றாள். முந்தானையை அதன் தலைமேல் பிடித்திருந்தாள். பிள்ளையின் முகம் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. அழவில்லை. அழாத அந்த வாயைப் பார்த்ததும் செல்லக்கனியின் கையிலிருந்த கத்தி நழுவியது.

"ஏ புள்ள, உள்ள வா. இந்தா, இங்க நில்லு" என்று தூளியின் நிழல் விழுந்திருந்த இடத்தைக் காட்டினாள்.

அந்தப் பெண் பின்னால் நகர்ந்தாள். "வேண்டாம்க்கா. அது பிள்ள கெடக்குற எடம்லா."

செல்லக்கனி அந்தத் திட்டைப் பார்த்தாள். உள்ளே முழங்கால்கள் ஒருமுறை புரண்டன, இடம் போதாமல். மூன்று கோடையாக ஆட்டிக்கொண்டே இருந்தவள், இறக்கிவிடவேண்டும் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. தூளியில் போட்ட பிள்ளை தானாக இறங்காது. கட்டியவள்தான் அவிழ்க்கவேண்டும்.

வெயில் பக்கமாக வந்து நின்றாள். இரண்டு கையையும் தூக்கினாள். அவள் விரல்களின் நிழல் முடிச்சின் நிழலைத் தடவித் தடவிக் கண்டுபிடித்து, நகத்தால் நெம்பி, ஒரு சுற்றை இழுத்து, இன்னொன்றை இழுத்து அவிழ்த்தது. தூளி மெதுவாக இறங்கித் தரையில் குவிந்தது. குவியலிலிருந்து ஒரு தலை எழுந்தது, இரட்டைக் குடுமி போடும் வயதில் மொட்டைத் தலை, அப்புறம் தோள். எழுந்து நின்று, ஒருமுறை தள்ளாடி, பெரிய நிழலுக்குள் ஓடி மறைந்தது.

அவிழ்த்த மாத்திரத்தில் நிழல் முழுக்க உதிரத் தொடங்கியது. மழைபோல இலை நிழல்கள் ஆட்களின் தலையிலும் கூடையிலும் கொட்டின. வெயில் ஓட்டை ஓட்டையாக உள்ளே இறங்கியது. போகப்போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, ஆனால் யாரும் செல்லக்கனியை ஏசவில்லை. கிழக்கு விளிம்பில் நிழல் ஒரு இடத்தில் புடைத்தது: ஒரு சின்னத் தலை, இரண்டு கை. ஒரு கால் வெளியே வந்து தார் ரோட்டில் பட்டதும் வெடுக்கென்று உள்ளே போனது. மறுபடி வந்தது. மறுபடி போனது.

"அதுக்குப் போகணும்" என்றாள் செல்லக்கனி. "போக முடியல."

கிழக்கே முந்நூறு அடியில், பிள்ளையைப் புதைத்த ஓடைக்கரை. மோதினார் பள்ளிவாசல் படியிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மூட்டு வலியோடு இறங்கி வந்து, நிழலின் விளிம்பை ஒட்டி வெயிலில், ஓடையைப் பார்த்து நின்றார். மூன்றரை மணி வெயிலில் அவர் நிழல் அவர் நீளத்துக்கு முன்னால் விழுந்தது. "பூசாரி, என் தல நெழலு எங்க முடியுதோ அங்க வந்து நில்லும் வே."

பூசாரி நின்றார். அவர் தலை நிழல் முடிந்த இடத்தில் உபதேசியார் நின்றார். பிறகு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. காத்திருந்தவர்கள் வந்து நின்றார்கள், அப்போதுதான் வந்த பஸ்ஸுக்குள் கைப்பிள்ளைக்காரியை உட்காரவைத்துவிட்டு அவள் மாமியார் வந்து நின்றாள், அதே பஸ்ஸிலிருந்து கண்டக்டரும் டிரைவரும் இறங்கி ஒன்றும் கேட்காமல் வரிசையின் நுனியில் போய் நின்றார்கள். ஆளுக்கு ஆள் நிழல் கோர்த்து, ரோட்டைக் கடந்து, கருவைக்காட்டைக் கடந்து ஒரு பாதை விழுந்தது.

நிழலுக்குள் நிழல் தெரியாது. ஒருவர் தலைக்கும் அடுத்தவர் காலுக்கும் நடுவே கிடந்த ஒரு சாண் வெயிலில் மட்டும் பிள்ளை தெரிந்தாள், ஒரு தாவலாக. தாவி, மறைந்து, அடுத்த இடைவெளியில் தாவினாள். செல்லக்கனி பக்கத்திலேயே நடந்தாள். உள்ளங்காலில் ஈரத்துணி பட்டதுபோல இருந்தது என்று பிள்ளை கடந்துபோன ஆட்கள் சொன்னார்கள். பிள்ளை கடந்ததும் பின்னால் நின்றவர்கள் முன்னால் ஓடி வரிசையை நீட்டினார்கள். பூசாரி ஓடினார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உபதேசியார் ஓடினார், மோதினாரும் ஓடினார். "வே, பாங்கு?" என்று பூசாரி கத்த, "அல்லா பாத்துக்கிட்டுதான் இருக்கான், நீரு நேரா நில்லும்" என்றார் அவர். அன்றைக்குப் பிற்பகல் அஸர் தொழுகைக்கான பாங்கு பிந்தியது. இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். விழுந்தவர்களின் இடத்தில் வேறு இரண்டு பேர் நின்றார்கள்.

ஓடைக்கரையில் கடைசி ஆளாகச் செல்லக்கனியே நின்றாள். அவளுக்குப் பின்னால் நின்ற உபதேசியாரின் தலை நிழலிலிருந்து ஒரு தாவல், அவ்வளவுதான். அவள் நிழலின் மடியில் ஏதோ புரண்டு படுத்தது. அவள் கால் விரல்கள் குளிர்ந்தன.

மெல்ல மெல்ல ஆட்கள் கலைந்தார்கள். விலக்கில் நிழல் இல்லை, வெறும் சரளை மட்டும் மினுங்கியது. கலைந்தவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. பள்ளிவாசல் மதிலோரம் போய் ஆளுக்கு ஒரு கன்றை எடுத்துக்கொண்டு, தான் எங்கே நின்றோம் என்று தன் காலடித் தடத்தைத் தேடிவந்து அதே இடத்தில் குழி தோண்டினார்கள். அடிபம்பை மாறி மாறி அடித்தார்கள். வந்தது குடத்தில் பாதி. செல்லக்கனி மட்டும் அசையவில்லை. நகர்ந்தால் பிள்ளைமேல் வெயில் அடிக்கும். வெயில் சாய்ந்தது, வந்து தண்ணீர் கொடுத்தார்கள், நின்றபடியே குடித்தாள்.

மோதினார் கடப்பாரையும் ஒரு பூவரசங்கன்றும் கொண்டுவந்து அவள் குதிகாலுக்குப் பின்னால் குந்தினார். "நீ வீட்டுக்குப் போகணும்னா இங்க வேற ஒண்ணு நிக்கணும்லா தாயி. கால அகட்டிக்கோ."

அவள் காலை அகட்டினாள். அவர் அவளுடைய இரண்டு குதிகாலுக்கும் நடுவே தோண்டி, கவரைக் கிழித்து, கன்றை வைத்து, மண்ணைக் கையால் அழுத்தினார்.

"இத்துணூண்டு. இது எப்படி மாமா பத்தும்?"

"நகந்து பாரு."

அவள் ஒரு காலை எடுத்தாள். அப்புறம் மற்றக் காலை. நாலு இலைக் கன்று அது, முழம் உயரம்கூட இல்லை. ஆனால் சாயங்கால வெயில் அதன் நிழலை இழுத்து ஓடைக்கரை மண்ணில் நீட்டியிருந்தது, ஒல்லியாக, மூன்று வயதுப் பிள்ளை ஒன்று படுத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு.